‘தம்பி’ என்னும் சொல்லில் உள்ள ‘தம்’ யாரைக் குறிக்கிறது?

காவிரிக்கரை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற வாரம் ஒரு மாலையில் குறுந்தொகையின் 40ஆம் பாடலை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’ என்னும் முதல் இரண்டு அடிகளுக்கு, யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை என்று பொருள் கூறிவிட்டு மேலே செல்ல முயன்றபோது அவள் என்னை நிறுத்தினாள். எந்தையில் உள்ள ‘எம்’ பேசுபவரையும் நுந்தையில் உள்ள ‘நும்’ கேட்பவரையும் காட்டுமானால், தந்தையில் உள்ள ‘தம்’ மூன்றாம் ஒருவரைத்தானே காட்ட வேண்டும், பிறகு நாம் எப்படி ‘என் தந்தை’ என்று எழுதுகிறோம் என்று கேட்டாள். அத்துடன் விடாமல், திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்த இளையவனைக் காட்டி, ‘தம்பி என்பதும் அப்படித்தானா?’ என்றாள்.

எனக்கு விடை தெரியவில்லை. அகராதியைப் புரட்டியபோது எம்பி, உம்பி என்னும் சொற்கள் அதில் இருந்தன. எம்பிக்கு ‘என் தம்பி’ என்றும் உம்பிக்கு ‘உன் தம்பி’ என்றும் பொருள் தரப்பட்டிருந்தது. அந்தப் பொருளுக்குள்ளேயே மீண்டும் தம்பி வந்துவிடுவதால் என் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. நாள்தோறும் நூறு முறை வாயில் வரும் இந்தச் சொல்லில் ‘தம்’ யாருடையது, மிஞ்சி நிற்கும் ‘பி’ என்பது என்ன, எம்பியும் உம்பியும் வழக்கிழந்து தம்பி மட்டும் எப்படி நிலைத்தது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால், மகளுக்கு முறையாகப் பதில் சொல்வேன்.

பழஞ்சுவடி எழுதியது:

தங்கள் மகள் பிடித்த இடம் சரியான இடம். ‘தாம்’ என்பது வாக்கியத்தில் முன்னே வந்த ஒருவரையே திரும்பச் சுட்டும் சொல். அதன் வேற்றுமை ஏற்கும் வடிவமே ‘தம்’. ‘பாண்டவர் தம் நாட்டை இழந்தனர்’ என்னும்போது அந்தத் ‘தம்’ பாண்டவரையே திரும்பிப் பார்க்கிறது. அதே ‘தம்’ முறைப்பெயரின் முன்னே வந்து ஒட்டியபோது, ‘பேச்சில் வந்த அவருடைய’ என்னும் பொருளைத் தந்தது. ஆகவே, பழைய கணக்கின்படி எம்பி என்பது எம் இளையவன், உம்பி என்பது உம் இளையவன், தம்பி என்பது அவர்தம் இளையவன். எந்தை, நுந்தை, தந்தை என்பதும், யாய், ஞாய், தாய் என்பதும், எங்கை, நுங்கை, தங்கை என்பதும் இதே மூன்று வரிசையில் நிற்பவை. குறளில் மூதேவியைக் குறிக்க வரும் ‘தவ்வை’ என்னும் தமக்கைப் பெயரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தமானது. மரம், கல், ஆறு ஆகியவை யாருக்கும் உரியவை ஆகாமல் இருக்க முடியும்; ஆனால் யாருக்கும் தம்பியாக இல்லாத ஒரு தம்பி உலகில் இருக்க முடியாது. உறவு என்பதே இருவருக்கு இடைப்பட்டது என்பதால், இத்தகைய உறவுப் பெயர்கள் பலவற்றில் உரியவர் யார் என்பதையும் அந்தக் காலத் தமிழ் சேர்த்தே சொன்னது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலேயே இந்தச் சொற்களைக் கவனித்திருக்கிறார். குற்றியலுகரம் சொல்லின் இறுதியில் வருவதை நாம் பள்ளியில் படித்தோம். அது சொல்லின் முதலிலும் வரும் ஓர் இடம் உண்டு என்று கூறி, அதை முறைப்பெயரின்கண் வரும் நுந்தை என்னும் சொல்லில் காட்டுகிறார். சாத்தன் என்னும் பெயரும் தந்தை என்னும் முறைப்பெயரும் சேர்ந்தால் சாத்தந்தை ஆகும் என்பதற்கும், ஆதனுடன் தந்தை சேர்ந்தால் ஆந்தை ஆகும் என்பதற்கும் அவர் விதி கூறியிருக்கிறார். கோப்பெருஞ்சோழனின் நண்பராகிய பிசிராந்தையாரின் பெயருக்குள் ஒரு தந்தை ஒளிந்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்த அரிய நட்பைப் படிக்கும் மாணவர்கள் ஆந்தை என்னும் பறவையோடு அந்தப் பெயரைக் குழப்பிக்கொள்வதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன்.

எம்பியும் உம்பியும் அடுத்தடுத்த இரண்டு சொற்களாக நிற்கும் ஓர் இடத்தைத் தங்கள் மகளுக்குக் காட்டுங்கள். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் திருவரங்கத்துப் பெருமானைப் பாடும்போது, குகனை ஏழை என்றும் ஏதலன் என்றும் ஒதுக்காமல் இராமன் கூறியதை நினைவுகூர்கிறார். ‘மாழைமான் மடநோக்கி உன் தோழி, உம்பி எம்பி’ என்பது அந்த அடி. சீதை உனக்குத் தோழி, என் தம்பி உனக்கும் தம்பி என்பது கருத்து. இதில் ஒரு நுட்பம் உண்டு. எம் என்பது யாம் என்பதிலிருந்து வருவது. யாம் என்னும் சொல் கேட்பவரை விலக்கி நிற்பது. எனவே எம்பி என்றாலே, ‘கேட்கும் உன்னுடைய தம்பி அல்லன்’ என்னும் வேலி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உம்பியையும் எம்பியையும் அருகருகே வைத்து இருவரும் ஒருவரே என்று சொல்லும்போது, அந்த வேலி இரண்டே சொற்களில் விழுந்துவிடுகிறது. கம்பர் இதே இடத்தைப் பாடும்போது ‘இளவல் உன் இளையான்’ என்கிறார். அதுவும் அழகுதான்; ஆனாலும் ஆழ்வாரின் இரண்டு சொற்களில் இருக்கும் விசை அதில் இல்லை என்பது என் கருத்து.

இந்த வழக்கம் முற்றாகச் செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். உடன்பிறப்பே இல்லாத ஒரே பிள்ளையும் ‘எங்க அப்பா’, ‘எங்க அம்மா’ என்றுதான் பேசுகிறது; ‘என் பேனா’ என்று சொல்லும் அதே வாய், ‘என் அப்பா’ என்று எளிதில் சொல்வதில்லை. உறவுப் பெயருக்கு முன்னால் பன்மையில், அதுவும் கேட்பவரை விலக்கும் பன்மையில், உரிமை சொல்ல வேண்டும் என்னும் பழைய நெறி எம்பியில் இருந்தது போலவே ‘எங்க தம்பி’யிலும் இருக்கிறது.

தம்பி மட்டும் நிலைத்ததற்குக் காரணம், ஊரில் உள்ள எத்தனையோ பேரின் தம்பிகளைப் பற்றிப் பேசுவதற்குப் படர்க்கை வடிவமே மிகுதியாகப் பயன்பட்டது என்பதாகத்தான் இருக்க வேண்டும். மிகுதியாகக் காதில் விழுந்த வடிவம் சொல்லின் பொது வடிவமாகிவிட்டது. உள்ளே இருந்த ‘தம்’ தன் பொருளை இழந்து வெறும் ஒலியாக நின்றது. அதன் பிறகு உரிமையைக் காட்டுவதற்கு முன்னால் இன்னொரு ‘என்’ தேவைப்பட்டது. ஆகவே ‘என் தம்பி’ என்பதில் பிழை ஏதும் இல்லை.

சொல்வேர் எழுதியது:

மேலே உள்ள பதிவு ‘தம்’ என்பதை விளக்கிவிட்டது. நான் ‘பி’யைப் பற்றி மட்டும் கூறுகிறேன். தம்பின் என்பதே தம்பி ஆயிற்று என்பது தேவநேயப் பாவாணரின் விளக்கம். தமக்குப் பின் பிறந்தவன் என்பது பொருள். இறுதியில் உள்ள னகரம் எப்படிக் கெட்டது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதே. என்றாலும், அண்ணனைக் குறிக்கத் ‘தம்முன்’ என்னும் பழஞ்சொல் இருக்கிறது என்பதே என்னை இந்த விளக்கத்தின் பக்கம் சாய வைக்கிறது. முன் பிறந்தவன் தம்முன் என்றால், பின் பிறந்தவன் தம்பின் ஆவதில் வியப்பு இல்லை. கம்பராமாயணத்தில் சுமித்திரை இலக்குவனைக் காட்டுக்கு அனுப்பும்போது, ‘மகனே, இவன்பின் செல்; தம்பி என்னும்படி அன்று, அடியாரின் ஏவல் செய்தி’ என்கிறாள். பின் என்னும் சொல்லும் தம்பி என்னும் சொல்லும் அந்த அடியில் இவ்வளவு நெருங்கி நிற்பதைப் படிக்கும்போதெல்லாம், பின் பிறந்தவனைப் பின் செல் என்று தாய் சொல்லும் அந்த இடத்தில் நான் சற்று நின்றுவிட்டே மேலே செல்வேன்.

தங்கையில் உள்ள ‘கை’ இதைவிடக் கடினமானது. சிறுமை என்னும் பொருள் உடையது என்று சொல்லி, கைக்கிளையில் வரும் கையைச் சான்றாகக் காட்டுவர். இந்த விளக்கத்தை நான் பாதி மனத்தோடுதான் ஏற்கிறேன். தமையனைத் தம் ஐயன் என்றும், தமக்கையைத் தம் அக்கை என்றும் பிரிப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை.

இந்தத் ‘தம்’ தமிழோடு நின்றுவிடவில்லை. கன்னடத்தில் தம்பி தம்ம, தங்கை தங்கி, தந்தை தந்தெ. தெலுங்கில் தம்பி தம்முடு, தந்தை தண்ட்ரி. நடு இந்தியாவில் பேசப்படும் கோண்டியிலும் தம்பியைத் தம்முர் என்கிறார்கள். பகரம் எங்கே போயிற்று என்று யாரும் ஐயுற வேண்டாம். நம் கொம்பு தெலுங்கில் கொம்மு, நம் நம்பு தெலுங்கில் நம்மு என்று இருப்பதைப் போலவே தம்பி தம்முடு ஆகியிருக்கிறது. தத்தமக்கெனத் தனிப் பேச்சைக் கொண்ட இத்தனை மொழிகளும் படர்க்கை வடிவத்தையே பொதுப் பெயராக வைத்துக்கொண்டிருக்கின்றன என்பது, உள்ளே இருக்கும் ‘தம்’ மிக முன்னரே உறையத் தொடங்கிவிட்டது என்பதைக் காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது.

காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘எங்க அப்பா’ என்பதைச் சொன்னவுடன் மகள் வியந்துபோனாள். அன்று இரவு முழுவதும் வீட்டில் யார் ‘என்’ என்கிறார்கள், யார் ‘எங்க’ என்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இன்னொரு கேள்வி பிறந்திருக்கிறது. எம்பி, உம்பி, தம்பி என்று வந்தால், நம்பி என்பது ‘நம் தம்பி’ ஆகாதா?

பழஞ்சுவடி எழுதியது:

வடிவம் ஒத்துத்தான் இருக்கிறது. தம்பிக்கு நம்பியும் தங்கைக்கு நங்கையும் இணையாக நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் அந்த எண்ணம் வரும். ஆனால் பொருள் ஒத்துவரவில்லை. நம்பி ஆடவருள் சிறந்தவன், நங்கை பெண்டிருள் சிறந்தவள். இரண்டிலும் இளமையோ உடன்பிறப்போ பேசப்படவில்லை. ஆகவே அவற்றை இந்த வரிசையில் சேர்க்க நான் துணிய மாட்டேன். தம்பிரான் என்பதையும் தம்பியோடு சேர்த்துவிடக் கூடாது. அது தம் பிரான். எம்பிரான், எம்பெருமான் என்பவற்றோடு நிற்பது. கோயிலில் நாள்தோறும் கேட்கும் எம்பெருமானில் உள்ள ‘எம்’தான் எம்பியிலும் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

நாஞ்சில்வாசி எழுதியது:

எங்கள் பகுதியில் தம்பி ஒரு பட்டமாகவே இருந்தது என்பதை இங்கே பதிய விரும்புகிறேன். திருவிதாங்கூரில் அரசுரிமை மருமக்கள் வழியில் சென்றது. அரசனுக்குப் பின் அவனுடைய சகோதரியின் மகனே அரியணை ஏறுவான். அரசனின் சொந்த மக்களுக்கு அரசுரிமை இல்லை. அந்த மக்களில் ஆண்களைத் தம்பி என்றும் பெண்களைத் தங்கச்சி என்றும் அழைத்தார்கள். 1729இல் மார்த்தாண்ட வர்மா ஆட்சிக்கு வந்தபோது, முந்தைய அரசரான இராம வர்மாவின் மக்களாகிய பப்புத் தம்பியும் இராமன் தம்பியும் அவரை எதிர்த்து நின்ற வரலாற்றில் வரும் தம்பி அதுவே. இசைப் புலவர் இரயிம்மன் தம்பியின் மகளும் கவிஞராக விளங்கினார். அவருடைய பெயர் குட்டிக்குஞ்ஞு தங்கச்சி. ஆங்கிலேயரை எதிர்த்து 1809இல் குண்டறையில் அறிக்கை வெளியிட்ட தளவாய் வேலுத்தம்பி பிறந்த தலக்குளம் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவர் அரசரின் மகன் அல்லர், ஆகவே அவருடைய பெயரில் உள்ள தம்பியை அந்த வகையோடு கலந்துவிடக் கூடாது.

மகனை எதற்காகத் தம்பி என்றார்கள் என்பதை நான் நெடுங்காலம் எண்ணிப் பார்த்திருக்கிறேன். இளையவன் என்னும் பொருள் மட்டும் நின்று, யாருக்கு இளையவன் என்னும் கேள்வி மறைந்துவிட்ட பிறகே ஒரு சொல் இப்படிப் பட்டமாக முடியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையாளத்தில் இன்று இளைய சகோதரனுக்கு அனியன், அனுஜன் என்பவையே இயல்பான சொற்கள், தந்தைக்கு அச்சன். தந்தை என்பதன் மலையாள வடிவம் இன்று பெரும்பாலும் வசைமொழியில்தான் காதில் விழுகிறது. எல்லைக்கு இப்பால் மதிப்பும் அப்பால் வசையுமாக ஒரே சொல் பிரிந்துபோனது எங்களைப் போல இரண்டு மொழிகளுக்கும் நடுவே வளர்ந்தவர்களுக்கு வருத்தம் தருவது.

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணத்தில் தாயும் தந்தையும் மகனைத் தம்பி என்றே அழைப்பது வழக்கம். மகள் பிள்ளை அல்லது தங்கச்சி. மூத்தவன் பெரியதம்பி என்றும் இளையவன் சின்னத்தம்பி என்றும் ஆகி, அவையே பதிவேட்டுப் பெயர்களாகவும் நின்றுவிட்ட குடும்பங்கள் பல உண்டு. தம்பிப்பிள்ளை, தம்பிமுத்து, தம்பையா என்னும் பெயர்களும் எங்களிடம் மிகுதி. 18ஆம் நூற்றாண்டில் நல்லூரில் வாழ்ந்த சின்னத்தம்பிப் புலவரை எல்லோரும் அறிவர்.

தம்பி என்று அழைத்துவிட்டால் எங்கள் ஊரில் ‘நீ’ எளிதில் வராது. ‘தம்பி, நீர் சாப்பிட்டீரோ?’ என்றுதான் வரும். வயதில் குறைந்தவனிடமும் ஒரு படி மரியாதையை அந்தச் சொல் கொண்டுவந்து சேர்க்கிறது. கொங்கு நாட்டு நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியபோது அவருடைய தாயார் மகனைப் பற்றி ‘தம்பி வந்துருச்சுங்க’ என்று சொல்வதைக் கேட்டேன். அன்பின் மிகுதியால் உயர்திணையை அஃறிணை முடிபோடு சொல்லும் அந்த வழக்கு எனக்குப் புதியதாக இருந்தாலும், ‘பிள்ளை நித்திரை கொள்ளுது’ என்று எங்கள் தாய்மார் சொல்வதும் அதேதான் என்று உணர்ந்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.

மகனை ஏன் தம்பி என்கிறார்கள் என்பதற்கு, வீட்டில் இருக்கும் மூத்த பிள்ளைகளின் வாயால் தாய் பேசுகிறாள் என்று விளக்கம் சொல்வார்கள். கணவரைப் பிள்ளைகளின் பெயரோடு சேர்த்து ‘இன்னாருடைய அப்பா’ என்று சொல்வதைப் போன்றது அது. ஆனால் நான் வீட்டுக்கு மூத்த மகன். எனக்கு முன் யாரும் பிறக்கவில்லை. என்னையும் அம்மா தம்பி என்றே அழைத்தார். அந்த விளக்கம் என் வீட்டுக்குப் பொருந்தவில்லை.

பினாங்குத்தமிழன் எழுதியது:

இந்தச் சொல் கடல் கடந்தபோது பட்ட துன்பத்தையும் பதிவு செய்ய வேண்டும். மலாய் மொழியில் தம்பி என்பது இந்திய இளைஞரை அழைக்கும் சொல்லாகவும், அலுவலகத்தில் கோப்புகளைச் சுமந்து செல்லும் கடைநிலை ஊழியரைக் குறிக்கும் சொல்லாகவும் புகுந்தது. என் தந்தையார் ஐம்பது வயதைக் கடந்த பிறகும், தம் மகன் வயதுடைய அதிகாரிகளால் அப்படியே அழைக்கப்பட்டார். வீட்டில் பாட்டி அவரைத் தம்பி என்று அழைக்கும்போது மலர்ந்த அதே முகம், அலுவலகத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு இறுகிப்போவதை நான் சிறுவயதில் நேரில் பார்த்தேன்.

காவிரிக்கரை எழுதியது:

பினாங்கு அன்பரின் பதிவைப் படித்த பிறகு நெடுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. தங்கள் தந்தையாருக்கு என் வணக்கம்.

வடமராட்சி அன்பர் எழுப்பிய கேள்வி என் வீட்டுக்கும் உரியது. நானும் மூத்த மகன்தான். என் தாயாரும் என்னைத் தம்பி என்றுதான் இன்றளவும் அழைக்கிறார். அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. நேற்று அருகில் அமர்ந்து, எனக்கு முன் யாரும் பிறக்காதபோது என்னை ஏன் தம்பி என்று கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். உடனே பதில் வந்தது. குடும்ப வழக்கப்படி எனக்கு என் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரை வைத்தார்கள். மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க முடியாமல் எதைச் சொல்லி அழைப்பது என்று தெரியாது நின்றபோது, பாட்டிதான், ‘தம்பின்னு கூப்பிடு’ என்று சொன்னாராம். பாட்டனார் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட பிறகும், அந்தப் பெயரை அம்மா ஒருமுறை கூடச் சொன்னதில்லை. வடமராட்சி அன்பர் தம் இல்லத்திலும் பெயர் வைத்த முறையை ஒருமுறை விசாரித்துப் பார்க்க வேண்டுகிறேன்.